நான் படிக்காமல் அடித்த ஒரு வரி

நம் மில்லின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் இந்த மாதம் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று உங்கள் அதிகாரி கேட்டார். பாஸ்வேர்டை எப்படிக் காப்பாற்றுவது, வெளிநாட்டு மெயிலுக்கு எப்படி மரியாதையாகப் பதில் போடுவது என்றெல்லாம் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆகிறது. போனில் ஏதாவது மாட்டிக்கொண்டால் பக்கத்து வீட்டுக் காலேஜ் பெண்ணைத்தான் கூப்பிடுகிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் நீங்கள் யாரும் என்னை மிஞ்ச முடியாது. இந்த மில்லை முதன்முதலில் இன்டர்நெட்டில் ஏற்றியவள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது, கல்யாண வீடுகளில்கூட சொல்லியிருக்கிறேன். இந்த மில்லின் முதல் பொய்யை இன்டர்நெட்டில் ஏற்றியவளும் நான்தான். அதை இதுவரை எழுத்தில் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. திண்டுக்கல்லில் வீடு. தினமும் காலையில் மில் பஸ்ஸில் ஏறி வேடசந்தூர்ப் பக்கம் வந்து, சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்பும் ஆபீஸ் டைப்பிஸ்ட். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ். முதலாளி அந்த வருஷம் ஏதோ ஒரு நூல் கண்காட்சிக்காக வெளிநாடு போய் வந்தார். போன இடத்தில் யாரிடம் கார்டை நீட்டினாலும் வெப்சைட் என்ன என்று கேட்டார்களாம். அவருக்கு அவமானமாகப் போய்விட்டது. திரும்பி வந்த அன்றே மேனேஜரைக் கூப்பிட்டு, நமக்கும் ஒன்று வேண்டும் என்றார்.

மேனேஜர் ஒட்டன்சத்திரத்துக்காரர். எவ்வளவு கோபம் வந்தாலும் வாயிலிருந்து ‘ங்க’ போகாத மனிதர். அவர் ஆபீஸை ஒரு சுற்றுப் பார்த்தார். கம்ப்யூட்டரிலும் கீபோர்டு இருக்கிறது, டைப்ரைட்டரிலும் கீபோர்டு இருக்கிறது, ஆகவே இது டைப்பிஸ்ட் வேலை என்று முடிவு செய்தார். வாரத்தில் மூன்று நாள் மத்தியானத்துக்கு மேல் எனக்கு ஆபீஸிலிருந்து விடுதலை கிடைத்தது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் போய் உட்கார்ந்தேன்.

எனக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சருக்கு இருபத்து மூன்று வயது. பேகம்பூர்ப் பெண். குடும்பம் தோல் வியாபாரம். அவள் என்னை அக்கா என்பாள், நான் அவளை மிஸ் என்பேன். சுற்றி உட்கார்ந்திருந்த பையன்களும் பெண்களும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கற்றுக்கொள்ளப் போன இடத்தில் வயதைக் காட்டி என்ன ஆகப்போகிறது?

என் முதல் மெயிலை அவளுக்குத்தான் அனுப்பினேன். பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்தாள். நான் ஆபீஸ் கடிதம் மாதிரியே அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் போட்டு, கீழே கையெழுத்துக்கு நாலு வரி இடம் விட்டு அடித்தேன். அனுப்பியதை ஒரு பிரிண்ட் எடுத்து மறுநாள் ஆபீஸ் டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரில் நம்பர் போட்டுப் பதிந்தேன். தபால்தலை என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். இதைச் சொன்னபோது மிஸ் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “இதுக்கு யாரும் கையெழுத்துப் போட வேணாம்க்கா. நீங்க அனுப்புனாப் போயிரும்” என்றாள்.

எனக்கு அது வேடிக்கையாக இல்லை, பயமாக இருந்தது. இருபது வருஷமாக நான் அடித்த ஒரு காகிதம்கூட இன்னொருவர் கையெழுத்து இல்லாமல் மில் கேட்டைத் தாண்டியதில்லை. என் தப்புக்கும் உலகத்துக்கும் நடுவில் எப்போதும் ஒரு மேனேஜர் இருந்தார். இனிமேல் இருக்க மாட்டார் என்று அவள் சொல்லாமல் சொன்னாள்.

பிறகு வெப் பக்கம் செய்யக் கற்றுக்கொண்டேன். அந்தக் காலத்தில் எல்லோரும் கற்றது ஒரே வழியில்தான். யாரோ செய்துவைத்த பக்கத்தைத் திறந்து, அதன் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. சேலையைத் திருப்பிப் போட்டு நூல் எப்படி ஓடியிருக்கிறது என்று பார்க்கிறோமே, அந்த மாதிரி. வேறு ஊரில் இருந்த ஒரு பெரிய மில்லின் பக்கம் எனக்குப் பிடித்திருந்தது. அதைப் பார்த்து நம் பக்கத்தைச் செய்துகொள்ளலாம் என்றாள் மிஸ். படங்களும் பெயரும் விவரங்களும் மட்டும் நம்முடையதாக மாற்ற வேண்டும்.

நீங்களாக இருந்தால் காப்பி செய்து ஒட்டியிருப்பீர்கள். நான் அதைச் செய்யவில்லை. ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பின்பக்க எழுத்து மொத்தத்தையும் பிரிண்ட் எடுத்தேன். ஆபீஸுக்குக் கொண்டுவந்து டைப்ரைட்டர் பக்கத்தில் வைக்கும் ஸ்டாண்டில் சாய்த்து வைத்தேன். ஆபீஸுக்குப் புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டரில் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை என் கையால் அடித்தேன். பெயர் வந்த இடத்தில் நம் பெயர், நூல் நூற்கும் கதிர்களின் எண்ணிக்கை வந்த இடத்தில் நம் எண்ணிக்கை. மற்றதெல்லாம் ஈயடிச்சான் காப்பி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நல்ல டைப்பிஸ்ட் என்பவள் படிக்க மாட்டாள். இன்ஸ்டிட்யூட்டில் எங்களை அப்படித்தான் பழக்கினார்கள். அர்த்தத்தைப் பார்த்தால் வேகம் குறையும், எழுத்தை மட்டும் பார் என்பார்கள். கண்ணில் நுழைந்தது மூளைக்குப் போகாமல் நேராக விரலுக்கு வர வேண்டும். நான் அதில் கெட்டிக்காரி. நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை அடித்துக்கொண்டே, ராத்திரிக்கு என்ன வெஞ்சனம் வைப்பது என்று யோசிப்பேன். அந்தப் பெரிய மில்லின் பக்கத்தில் தொழிலாளர் நலன் என்று ஒரு பகுதி இருந்தது. பஸ் வசதி, கேன்டீன், அதற்குக் கீழே ஒரு வரி. வேலை செய்யும் தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மில்லுக்குள்ளேயே காப்பகம் உண்டு என்று இங்கிலீஷில் இருந்தது. அந்த வரியும் என் கண்ணில் நுழைந்து விரல் வழியாக நம் பக்கத்துக்குப் போய்விட்டது.

நம் மில்லில் அப்போது காப்பகம் கிடையாது. கட்டட வரைபடத்தில் உண்டு. பஞ்சு குடோனுக்குப் பக்கத்து அறைக்கு அந்தப் பெயர்தான் எழுதியிருந்தது. உள்ளே இருந்தவை நூல் சுற்றும் காலிக் கோன் மூட்டைகள். இன்ஸ்பெக்ஷன் நாளில் மூட்டைகளை வெளியேற்றி ‘குழந்தைகள் காப்பகம்’ என்ற போர்டை மாட்டுவார்கள். மறுநாள் போர்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைப்பார்கள். இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

பக்கம் ஏறிய அன்று ஆபீஸில் மைசூர்பாகு கொடுத்தார்கள். ஒரே டெலிபோன் லைன்தான், நெட் போட்டால் போன் வேலை செய்யாது. அதனால் அரை மணி நேரம் யாரும் ரிசீவரைத் தொடக் கூடாது என்று முதலாளியே உத்தரவு போட்டார். மெல்ல மெல்ல மேலிருந்து கீழே அவருடைய போட்டோ திறந்தது. அவர் நெற்றி தெரிந்ததும் எல்லோரும் கைதட்டினோம். நான் அன்று பஸ்ஸில் போகும்போது, நம் மில்லை அமெரிக்காவிலிருந்தும் பார்க்கலாம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே போனேன். அந்தப் பெருமைதான் என்னைப் பிடித்துக் கொடுத்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலையில், மெயின் ரோட்டிலிருந்து தன் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் பஞ்சவர்ணம் ஏறினாள். ஸ்பின்னிங்கில் அறுந்த இழையைப் பிணைக்கும் சைடர் வேலை செய்பவள், இருபத்தெட்டு வயதிருக்கும். அவளுக்குப் பத்து மாதக் கைப்பிள்ளை ஒன்று இருந்தது. புருஷன் லாரியில் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார், வீட்டில் வேறு பெரியவர்கள் இல்லை. எட்டு வயது மகள் ஈஸ்வரியை மூன்றாம் வகுப்பிலிருந்து நிறுத்தி, தம்பியைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்தாள். அந்தப் பெண் தினமும் விலக்கில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். பஸ் கிளம்பும்போது குழந்தை வீறிடும். ரோட்டுக்கு எதிர்ப்புறம்தான் பள்ளிக்கூடம். இதை நான் எத்தனை நாள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்! பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன், வேறென்ன செய்வேன்.

அன்று பஞ்சவர்ணம் நேராக என் சீட்டுக்கு வந்தாள். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். நம் பக்கத்தின் பிரிண்ட். காலேஜ் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் அவள் தம்பி, மில்லை நெட்டில் பார்க்கலாமாம் என்று இவள் சொன்னதைக் கேட்டு, பிரௌசிங் சென்டரில் போய்ப் பார்த்து எடுத்துக் கொடுத்திருக்கிறான். ஒரு வரிக்கு அடியில் பேனாவால் கோடு போட்டிருந்தது.

“டைப்பிஸ்ட் அக்கா, கைப்பிள்ளைகளுக்கு நம்ம மில்லுக்குள்ளயே ரூம் இருக்குனு இதுல போட்டிருக்காம்ல. எந்தப் பக்கம்க்கா இருக்கு? திங்கக்கிழமையிலருந்து தூக்கிட்டு வாரேன். ஈஸ்வரியப் பள்ளிக்கூடத்துல விட்டுருவேன்.”

குத்திக் காட்டவோ கேலி செய்யவோ அவள் கேட்கவில்லை. அவள் நம்பிக் கேட்டாள். ஒரு மாதிரி வெட்கச் சிரிப்போடு கேட்டாள். பஸ்ஸில் முன்சீட்டு, பின்சீட்டு எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் அடித்த அந்த வரியை முதல் தடவையாக அப்போதுதான் படித்தேன். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதுவும் அரைப் பொய்தான். கேட்பதற்கு என்ன இருந்தது?

ஆபீஸுக்கு வந்ததும் அந்த வரியை அழித்துவிட வேண்டும் என்று நெட்டைப் போட்டேன். லைன் கிடைத்ததும் முதலில் ஒரு மெயில் வந்து விழுந்தது. முதலாளி கண்காட்சியில் சந்தித்த ஒரு வெளிநாட்டு கம்பெனி. எங்கள் பக்கத்தைப் பார்த்தார்களாம், தொழிலாளர் நலன் பகுதி மிகவும் பிடித்திருந்ததாம். அடுத்த மாதம் இரண்டு பேர் வருகிறார்கள், ஆர்டர் பேசுவதற்கு முன்னால் கேன்டீனையும் குழந்தைகள் காப்பகத்தையும் பார்க்க விரும்புகிறார்கள்.

நான் மெயிலையும் பஞ்சவர்ணத்தின் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

“இதுக்கு எதுக்குங்க மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறீங்க? இன்ஸ்பெக்ஷனுக்குப் போர்டு மாட்டறமில்லீங்க, அதாட்டந்தானுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு தொட்டி கட்டி, நாலு பிள்ளைகளப் போட்டுட்டாப் போச்சு. கேட்ட அந்தப் பொண்ணையே கூட்டியாரச் சொல்லுங்க.”

தொட்டி என்றால் அவர் பக்கத்துப் பேச்சில் தொட்டில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார் என்று புரிந்தது. ஆனால் அவரைப் பெரிய வில்லனாக நினைக்காதீர்கள். ஆர்டர் வந்தால் மூன்றாவது ஷிப்ட் ஓடும், ஊரில் இருநூறு வீட்டில் அடுப்பு எரியும் என்று அவர் கணக்குப் போட்டார். அதுவும் நியாயம்தான். சரி சார் என்று வெளியே வந்துவிட்டேன். அன்று முழுக்க எனக்கு ஒரே நினைப்புதான். பஞ்சவர்ணம் ஒரு நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாள், ஈஸ்வரி ஒரு நாள் பள்ளிக்கூடம் போவாள். மறுநாள்?

சாயங்காலம் மிஸ்ஸைப் பார்க்கப் போனேன். கடை சாத்துவதற்குள் பேசிவிட வேண்டும் என்று படியில் ஓடினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பக்கம் ஒழுங்காத் தெறக்குதானு பாக்கத்தான் எனக்குத் தெரியும்க்கா. அதுல இருக்குறது நெசமானு உங்களுக்குத்தான் தெரியும். நான் உங்க மில்லைப் பாத்ததே இல்லையே” என்றாள். அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். அழிப்பது ஒரு நிமிஷ வேலை, ஏற்கெனவே படித்தவர்களிடமிருந்து எதை வைத்து அழிப்பீர்கள் என்று கேட்டாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் வயதில் நான் இருந்திருந்தால் நாலு புத்தி சொல்லியிருப்பேன். அவள் சொல்லாததுதான் எனக்கு உதவியது. யார் முதலில் படித்தார்களோ அவர்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று எனக்கே பட்டது.

மறுநாள் பஸ்ஸில் பஞ்சவர்ணத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னேன். அது வேறு மில்லைப் பார்த்து அடித்தது, நான் படிக்காமல் போட்டுவிட்டேன், நம் மில்லில் அந்த ரூம் இல்லை. அவள் முகம் சுருங்கிப்போனதை நான் இன்னும் மறக்கவில்லை. பிறகு, “பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியாரு கிட்டயும் ஈஸ்வரி வருவானு சொல்லிட்டேனேக்கா” என்றாள். அப்புறம், “இல்லைன்னா இல்லைன்னே போட வேண்டியதுதானே” என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

பின்சீட்டிலிருந்து வயதான சைடர் அக்கா ஒருத்தி எழுந்து, “போட்டது போட்டாச்சு. இனி அத எதுக்கு அழிக்கிறீக? ரூமத் தெறக்கச் சொல்லுங்க” என்றாள். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். மில்லுக்குப் போய்ச் சேரும்வரை அந்தப் பேச்சு என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. யோசிக்க யோசிக்க அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று தோன்றியது.

அன்று மத்தியானம் அந்தக் கம்பெனிக்கு ஒரு மெயில் எழுதினேன். எங்கள் பக்கத்தில் குழந்தைகள் காப்பகம் பற்றி இருக்கும் வரி தவறு. இன்னொரு மில்லின் பக்கத்தைப் பார்த்து நான் அடித்தபோது வந்தது. அதற்கென ஓர் அறை இருக்கிறது, இன்றைக்கு அதில் காலிக் கோன்கள் இருக்கின்றன. இவ்வளவுதான். ஒவ்வொரு வார்த்தையையும் வாய்விட்டுப் படித்துப் படித்து அடித்தேன். நாலு வரிக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது.

அனுப்பு என்ற பட்டனுக்கு மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுத்தினால் போய்விடும். கையெழுத்து வேண்டாம், மேனேஜர் வேண்டாம், முதலாளி வேண்டாம். வாழ்க்கையில் முதல் தடவையாக என் கையில் அந்த அதிகாரம் இருந்தது. அழுத்தியிருந்தால் இன்று உங்களிடம் இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், எவ்வளவு தைரியசாலி பாருங்கள் என்று.

நான் அழுத்தவில்லை. பயத்தினால் இல்லை. பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் காரணம் வேறு. நான் அனுப்பினால் அது என் வார்த்தை. என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த அம்மாளுக்குக் கொஞ்சம் கோளாறு என்று இன்னொரு மெயில் போட்டால் முடிந்தது. அறையில் கோன் மூட்டை அப்படியே இருக்கும். அது மில்லின் வார்த்தையாகப் போனால்தான் ஈஸ்வரிக்கு ஏதாவது நடக்கும். இவ்வளவு தெளிவாக அப்போது யோசித்தேனா என்று கேட்டால் தெரியாது. பிரிண்ட் கொடுத்தேன். முதலாளி கையெழுத்துக்குப் போகும் ஃபைலில், மற்றக் கடிதங்களோடு வைத்தேன். ஆபீஸ் கடிதத்தில் நகல் யார் யாருக்குப் போகிறது என்று அடியில் போடுவோம் அல்லவா? பழக்கப்பட்ட கை அங்கே வந்து நின்றது. ‘நகல்: பஞ்சவர்ணம், ஸ்பின்னிங், பகல் ஷிப்ட்’ என்று அடித்தேன்.

ஒரு மணி நேரத்தில் முதலாளி கூப்பிட்டார். மேனேஜரும் நின்றுகொண்டிருந்தார், முகம் கறுத்திருந்தது.

“யாரும்மா இந்தப் பஞ்சவர்ணம்? கம்பெனி லெட்டர் நகல் அவளுக்கு எதுக்கு?”

“நம்ம பக்கத்தை மொதல்ல படிச்ச ஆள் அவதான் ஐயா. நான் அடிச்சேன், படிக்கலை.”

“இதை அனுப்புனா அவங்க வர மாட்டாங்க, தெரியுமா உனக்கு?”

“வந்தாலும் வருவாங்க, வராமலும் போவாங்க ஐயா. பஞ்சவர்ணம் தெனமும் வருவா. நானும் அதே பஸ்லதான் வாரேன்.”

அவர் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். மறுநாள் கம்ப்யூட்டருக்கு உறை போட்டு மூடி, என்னை டெஸ்பாட்ச் மேஜையில் உட்கார வைத்தார்கள். மேனேஜர் என் பக்கம் திரும்பவில்லை. இரண்டு நாள் தபால்தலை ஒட்டினேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். வீட்டில் சொல்லவும் பயம். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் நிமிர்ந்து ஏறினேன், அது ஒன்றுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் ஃபைல் திரும்பி வந்தது. என் நாலு வரிக்குக் கீழே முதலாளி தன் கையால் இரண்டு வரி சேர்த்திருந்தார். நீங்கள் வருவதற்குள் அந்த அறை திறந்திருக்கும், எந்த நாள் என்று சொல்லாமல் வந்து பாருங்கள் என்று எழுதியிருந்தது. மெயிலுக்குக் கையெழுத்துத் தேவையில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் போட்டிருந்தார். நகல் என்ற வரியைக் கோடு போட்டு அடித்திருப்பார் என்று பார்த்தேன். பக்கத்தில் ஒரு டிக் போட்டிருந்தது. அவர் மனசு ஏன் மாறியது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அனுப்பினேன். பக்கத்திலிருந்து அந்த வரியை எடுத்தேன். பஞ்சவர்ணத்தின் நகலை அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவள் கையில் கொடுத்தேன். காலேஜ் தம்பி ஊருக்கு வந்தபோது அவனிடம் காட்டிவிட்டு ஒரு நாள், “இது நெசந்தானாக்கா?” என்று கேட்டாள். கையெழுத்தைத் தொட்டுக் காட்டினேன்.

அறையைத் தயார் செய்யும் வேலை மேனேஜர் தலையில் விழுந்தது. முணுமுணுத்துக்கொண்டே செய்தார், ஆனால் அரைகுறையாகச் செய்யவில்லை. வெள்ளையடித்து, ஜன்னலுக்குக் கம்பி வலை போட்டு, உத்தரத்தில் கொக்கி அடித்து ஆறு தொட்டில் கட்டினார். ரப்பர் பொம்மை வாங்க அவரே திண்டுக்கல் போனார். கால் வீங்கி நிற்க முடியாமல் இருந்த அந்தப் பின்சீட்டு அக்காவை ஆயாவாகப் போட்டார். கதவுக்குப் பின்னால் இருந்த போர்டை இந்தத் தடவை மாட்டவில்லை, நாலு மூலையிலும் ஆணி அறைந்தார். இனிக் கழட்டோணும்னா செவுத்த இடிக்கோணுமுங்க என்று என்னிடம் சொன்னார். அதுதான் எங்கள் சமாதானம்.

வெளிநாட்டுக்காரர்கள் சொல்லாமலே வந்தார்கள். அதில் ஒரு அம்மாள் தரையில் உட்கார்ந்து ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. முதலில் சின்ன ஆர்டர்தான் கொடுத்தார்கள். முதலாளி என்னைப் பாராட்டியதெல்லாம் கிடையாது. இனிமே படிச்சுட்டு அடிம்மா என்றார், அவ்வளவுதான். அந்த வரியை மறுபடி பக்கத்தில் ஏற்றச் சொன்னபோது, நான் எழுந்து போய் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். ஐந்து குழந்தைகள் இருந்தன, இரண்டு தூங்கிக்கொண்டிருந்தன. வந்து உட்கார்ந்து அடித்தேன்.

இப்போது உங்களுக்கு எழுதிக் கொடுப்பதற்கே மெஷின் வந்துவிட்டதாமே. கேட்டால் பக்கம் பக்கமாகக் கொட்டுகிறதாம், நல்ல இங்கிலீஷில், ஒரு பிழை இல்லாமல். சந்தோஷம். அதுவும் என்னை மாதிரி நல்ல டைப்பிஸ்ட்தான். நம் மில்லில் ஆஸ்பத்திரி இருக்கிறது என்று அது எழுதினால், நாற்காலியை விட்டு எழுந்து போய்ப் பாருங்கள். இல்லையென்றால் இல்லையென்று சொல்ல வேண்டியவரிடம் போய்ச் சொல்லுங்கள். பட்டனை அழுத்தும் தைரியம் எல்லோருக்கும் வந்துவிட்டது. நான் சொல்வது மற்றதை, எழுந்து போய்ப் பார்ப்பதையும் போய்ச் சொல்வதையும்.

ஈஸ்வரியால் உடனே பள்ளிக்கூடம் போக முடியவில்லை. பரீட்சை லீவு வந்துவிட்டது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் பஸ் விலக்கில் நின்றது. பஞ்சவர்ணம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே ஈஸ்வரி நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக, எண்ணெய் வழிய இரட்டைச் சடை போட்டு நின்றுகொண்டிருந்தாள். இத்தனை நாள் தம்பியைத் தூக்கிக்கொண்டே நின்ற பெண். அன்று இரண்டு கையும் சும்மா இருந்தன, அவற்றை என்ன செய்வது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். எதிர்ப்புறம் மணி அடித்தது. சட்டென்று திரும்பி, ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஒரே ஓட்டமாக ஓடினாள்.

பஞ்சவர்ணம் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “போறவளப் பாருங்கக்கா, ஒரு டாட்டாகூடக் காட்டாமப் போறா” என்றாள்.

அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் அவ்வளவு பெருமை இருந்தது. அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது என்று நானாக எடுத்துக்கொண்டேன். இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை.